மேட்டூர் நிலவரத்தைப் போடும் ஸ்கிரிப்ட்

சர்வரில் ஓடும் ஸ்கிரிப்டிலிருந்து, அதாவது ஒரு சின்ன நிரலிலிருந்து, சமூக ஊடகத்தில் பதிவு போடுவது எப்படி என்று தேடினால், பத்து நிமிட வேலை என்றுதான் எல்லோரும் எழுதியிருப்பார்கள். சரிதான், போடுகிற அந்த ஒரு வரி பத்து நிமிட வேலைதான். அந்த வரிக்கு முன்னால் என்ன நடக்கிறது, பின்னால் என்ன நடக்கிறது, அது போய்ச் சேரும் கம்பெனி அடுத்த வருஷம் என்ன சொல்லும் என்பதெல்லாம் வேறு கதை. நான் வருஷக்கணக்காக அந்த வேறு கதையில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ட்விட்டரின் ஆரம்ப காலத்தில் நிஜமாகவே ஒரு வரிதான். கர்ல் என்ற கட்டளையைத் தட்டி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நடுவில் ஒரு முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்து, ஸ்டேட்டஸ் என்ற பெயரில் சொல்ல வேண்டியதை எழுதி, முகவரியைப் போட்டு என்டர் தட்டினால் உலகத்துக்கே போய்விடும். 2006-இல் சேவை தொடங்கி சில மாதங்களுக்குள்ளேயே ஏபிஐயை, அதாவது நிரல்கள் உள்ளே வருவதற்கான கதவை, திறந்து விட்டிருந்தார்கள். அதனால் மனிதர்கள் மட்டும் பேசும் இடமாக அது எப்போதுமே இருந்ததில்லை. செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்று செடியே பதிவிடும், வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று வெப்பமானி பதிவிடும். 2008 வாக்கில் லண்டன் டவர் பிரிட்ஜ் பெயரில் ஒரு கணக்கு இருந்தது, இப்போது திறக்கிறேன், இன்ன கப்பல் போகிறது, இப்போது மூடுகிறேன் என்று பாலமே பேசுவதுபோல் வரும். எனக்கு அதுதான் ஆரம்பம். பாலம் பேசினால் அணை பேசக் கூடாதா என்று தோன்றியது.

என் ஸ்கிரிப்ட் தினமும் காலையில் மேட்டூர் அணை நிலவரத்தைப் போடும். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி, திறப்பு எத்தனை கனஅடி, இருப்பு எத்தனை டி.எம்.சி. அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கம் மே கடைசி ஆகிவிட்டால் இந்த நான்கு எண்களைச் சுற்றித்தான் பேச்சே ஓடும். முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., குறுவைக்குத் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. அன்றைக்குத் திறப்பார்களா, தள்ளிப் போடுவார்களா, போர்வெல் இல்லாதவர்கள் நாற்று விடலாமா, காத்திருக்கலாமா என்பதையெல்லாம் முதல் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். டீக்கடையில் பேப்பர் வருவதற்கு முன்னால் போனில் வந்தால் நன்றாக இருக்குமே என்று சித்தப்பா ஒருநாள் சொன்னார். எனக்கோ ஒரு சின்ன சர்வர் சும்மா கிடந்தது.

பழைய ஒரு வரி முறையில் இருந்த தொந்தரவு கடவுச்சொல். ஸ்கிரிப்டில் அது அப்படியே எழுதியிருக்கும். அந்த ஸ்கிரிப்ட் பதிவு போடலாம், அதே கடவுச்சொல்லை வைத்துக் கணக்கையே அழிக்கவும் செய்யலாம். பால் ஊற்ற வருபவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைத்த மாதிரி. 2010 ஆகஸ்ட் இறுதியோடு ட்விட்டர் அந்த வழியை மூடியது. அதன்பின் ஓஆத், கடவுச்சொல்லைக் கொடுக்காமலே ஸ்கிரிப்டுக்கு அனுமதி தரும் முறை. கன்ஸ்யூமர் கீ, அதற்கொரு ரகசியம், ஆக்சஸ் டோக்கன், அதற்கொரு ரகசியம் என நான்கு எழுத்துச் சரங்கள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேரமுத்திரை, ஒருமுறை மட்டும் பயன்படும் ஒரு சரம், எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கி எச்மேக்-ஷா1 என்ற கணக்கு முறையில் ஒரு கையொப்பம். அன்றைக்கு ஊர் உலகத்தில் இருந்த சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளில் பாதி அத்தோடு செத்திருக்கும் என்று நினைக்கிறேன், எழுதினவர்கள் அதற்குள் வேறு எதிலாவது மும்முரமாகியிருப்பார்கள். ஆனாலும் அந்த மாற்றம் நியாயமானது. ஒரு ஸ்கிரிப்ட் மேல் சந்தேகம் வந்தால் அதன் டோக்கனை மட்டும் ரத்து செய்யலாம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். இன்றைக்கு ட்விட்டர் மாதிரியே இருக்கும் புளூஸ்கையில் ஆப் பாஸ்வேர்ட் என்று தனியாக உருவாக்கித் தருவதும் இதே யோசனைதான்.

தமிழில் எழுதுகிறவனுக்கு அந்தக் கையொப்பம் தனி வேடிக்கை காட்டும். ‘மேட்டூர்’ என்று எழுதினால் கண்ணுக்கு நான்கு எழுத்து: மே, ட், டூ, ர். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் எட்டு, ஏனென்றால் ஒவ்வொன்றிலும் அகரமேறிய எழுத்து ஒன்று, அதோடு ஒட்டும் குறியோ புள்ளியோ ஒன்று. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் அந்த எட்டும் தலா மூன்று பைட், ஆக 24. அதை இணைய முகவரிக்கு ஏற்ற மாதிரி சதவீதக் குறி போட்டு எழுதினால் பைட்டுக்கு மூன்று எழுத்து, 72. கையொப்பத்துக்கான அடிப்படைச் சரத்தில் இந்த 72-ஐ இன்னொரு தடவை அதே மாதிரி மாற்றச் சொல்வார்கள், அப்போது சதவீதக் குறி ஒவ்வொன்றும் மூன்றாக விரியும், மொத்தம் 120. அணையின் முழு மட்டமும் 120. தற்செயல்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் சொன்னேன், எடுபடவில்லை.

இந்த இரட்டை மாற்றத்தில் ஒரு இடத்தில் பிசகினாலும் சர்வர் ‘அனுமதி இல்லை’ என்று மட்டும் சொல்லும், எங்கே பிசகு என்று சொல்லாது. பிஹெச்பி என்ற நிரல் மொழியில் இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு, ஒன்று இடைவெளியைக் கூட்டல் குறியாக்கும், இன்னொன்று சதவீத வடிவமாக்கும். ஓஆத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். ‘டெஸ்ட்’ என்று ஒற்றைச் சொல்லை அனுப்பிப் பார்த்தால் இரண்டுமே வேலை செய்யும், இரண்டு சொல் எழுதினால்தான் குட்டு வெளிப்படும். சர்வரின் கடிகாரம் சில நிமிடம் தள்ளிப் போயிருந்தாலும் இதே ‘அனுமதி இல்லை’தான் வரும். கடிகாரத்தையா முதலில் சந்தேகிப்போம்?

எழுத்து எண்ணிக்கை விவகாரத்துக்கு வருகிறேன். ட்விட்டரின் 140 என்பது எஸ்எம்எஸ்ஸின் 160-லிருந்து பயனர் பெயருக்கு இடம் ஒதுக்கி வந்த எண். அந்த 160-ம் ஆங்கிலத்துக்குத்தான், தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70. 2017-இல் ட்விட்டர் 280 ஆக்கியபோது சீனம், ஜப்பானியம், கொரிய எழுத்துகளுக்கு ஒன்றை இரண்டாக எண்ணினார்கள், அந்த மொழிகளில் குறைந்த எழுத்தில் நிறையச் சொல்லிவிடலாம் என்ற காரணத்துக்காக. தமிழ் ஒன்றை ஒன்றாகவே எண்ணும் பட்டியலில் இருந்தது. சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்று: எண்ணுவது யூனிகோடு கணக்கில். ஆக ‘மேட்டூர்’ என்றால் 280-இல் எட்டு போய்விடும். கண்ணால் எண்ணி வைத்துக்கொண்டு ‘இடம் நிறைய இருக்கிறதே’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான். புளூஸ்கையின் 300-ம் அதே வகைத் தளமான மாஸ்டடானின் வழக்கமான 500-ம் நாம் பார்க்கும் எழுத்தைத்தான் எண்ணுகின்றன, அங்கே மேட்டூர் நான்குதான். எல்லா இடத்துக்கும் ஒரே செய்தியை அனுப்புகிற ஸ்கிரிப்ட் என்றால் எந்தக் கணக்கை நம்புவது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நான் மிகக் கஞ்சத்தனமான கணக்கை எடுத்துக்கொண்டு அதற்குள் அடங்குகிற மாதிரி வாக்கியம் அமைத்துவிட்டேன். நான்கு எண்கள், ஒரு தேதி, எதற்கு நீட்டி முழக்க வேண்டும்?

நீளம் கூடிவிட்டால் வெட்டலாமே என்று தோன்றும். தமிழைக் கண்ட இடத்தில் வெட்ட முடியாது. பைட் கணக்கில் வெட்டும் ஃபங்ஷனை வைத்து வெட்டினால் மூன்று பைட் எழுத்து நடுவில் அறுந்து, அதை ஜேசன் என்ற தரவு வடிவமாக மாற்றும்போது பிஹெச்பி முழுச் செய்தியையும் தூக்கிப் போட்டுவிட்டு வெறுமனே ‘பொய்’ என்ற மதிப்பைத் திருப்பித் தரும். அதைச் சரிபார்க்காமல் அனுப்பினால் போவது காலி உறை. யூனிகோடு கணக்கில் வெட்டினால் உடையாது, ஆனால் ‘அணையின்’ என்பதன் கடைசிப் புள்ளி மட்டும் போய் ‘அணையின’ என்று நிற்கும், பார்க்கிறவர்கள் எழுதியவனுக்கு எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். எழுத்துத் தொகுதியாகப் பிரித்து வெட்டும் ஃபங்ஷன்கள் தனியாக இருக்கின்றன, பிஹெச்பியில் இன்டல் நீட்சியைப் போட்டால் கிடைக்கும். அதைத் தேடிப் போட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதுகிற வரைக்கும் மூன்று கணக்கும் ஒன்றுதான்.

புளூஸ்கை இதில் இன்னொரு படி மேலே போகும். அங்கே பதிவுக்குள் ஒரு சுட்டியை எழுதினால் ஏபிஐ வழியாக அது தானாகச் சுட்டியாகாது. எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று நாமே சொல்ல வேண்டும், அதுவும் யூடிஎஃப்-8 பைட் கணக்கில். ‘மேட்டூர் அணை’ என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு முகவரி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ நீளம் கேட்டால் 13 என்று சொல்லும். உண்மையில் முகவரி தொடங்குவது 35-ஆவது பைட்டில். 13 என்று கொடுத்தால் சுட்டி ‘மேட்டூர்’ நடுவில், டூ என்ற எழுத்தின் வயிற்றுக்குள் தொடங்கும். ஹேஷ்டேகுக்கும் இதே சங்கதிதான். இதை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒவ்வொரு நிரலாக்க மொழியும் நீளத்தை ஒவ்வொரு விதமாக எண்ணும்போது பைட்தான் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் மாதிரி நிரல்களில் உதாரணம் ஆங்கிலத்தில் இருப்பதால் நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே வந்து முட்டிக்கொள்வார்கள் என்பது நிச்சயம்.

இதெல்லாம் வெளியே போகும் பாதை. உள்ளே வரும் பாதையும் தமிழ்தான். காலை 8 மணி நிலவரம் எனக்கு ஒரு பத்தியாக வருகிறது, நீங்கள் பேப்பரில் படிக்கும் அதே நடையில்: நீர்மட்டம் இத்தனை அடியாக உள்ளது, அணைக்கு விநாடிக்கு இத்தனை கனஅடி நீர் வந்துகொண்டிருக்கிறது. அதை எனக்கு மட்டுமான ஒரு டெலிகிராம் அரட்டையில் ஒட்டுவேன், ஸ்கிரிப்ட் எண்களைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்குவதில்தான் சாமர்த்தியம். ‘அடி’ என்பதைத் தேடினால் ‘கனஅடி’க்குள்ளும் அடி இருக்கிறது. சில நாள் ‘கன அடி’ என்று பிரித்து எழுதுவார்கள். வரத்து லட்சத்தைத் தொட்டால் 1,05,000 என்று நம்மூர் முறையில் காற்புள்ளி விழும், ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி என்று நம்பி எழுதிய தேடல் அதில் பாதியைத்தான் எடுக்கும். ‘கொண்டிருக்கிறது’ என்பதில் உள்ள ‘கொ’வை ஒருவர் ஒரே குறியாகத் தட்டியிருப்பார், இன்னொருவரின் விசைப்பலகை ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியாகப் போட்டிருக்கும். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு சொல். அதனால் வந்த பத்தியை முதலில் யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றி, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளை நீக்கி, அப்புறம்தான் தேடலே. இந்த ஸ்கிரிப்டில் நான் மெனக்கெட்டு எழுதிய பகுதி என்றால் இதுதான். பதிவு போடும் பகுதி அதன் காலடியில் மூன்று நான்கு வரியாகக் கிடக்கிறது.

எண் வந்ததும் உடனே போட்டுவிடக் கூடாது, அது நம்பும்படி இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். நீர்மட்டம் 1,180 என்று வந்தால் புள்ளி எங்கோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் மூன்று அடிக்கு மேல் இருந்தால் நிறுத்து என்று ஒரு விதி வைக்கலாம் என்று முதலில் யோசித்தேன். 2024 ஜூலையை நினைத்துப் பார்த்தால் அந்த விதி எவ்வளவு அபத்தம் என்று தெரியும். மாத நடுவில்கூடப் பாதிக்கும் கீழே கிடந்த நீர்மட்டம், கர்நாடகத்தில் கொட்டிய மழையில் மாதக் கடைசிக்குள் 120-ஐத் தொட்டது, ஒரே நாளில் பல அடி ஏறிய நாட்கள் உண்டு. ஜனங்கள் எண்ணுக்காகத் தவியாய்த் தவிக்கும் அந்த நாட்களில் போய் ஸ்கிரிப்ட் ‘நம்ப முடியவில்லை’ என்று வாயை மூடிக்கொண்டால் எப்படி? இப்போது இருக்கும் விதி, சந்தேகம் வந்தால் எனக்கு ஒரு கேள்வி அனுப்பும், நான் ‘சரி’ என்று பதில் போட்டால் வெளியிடும். தானியங்கி என்று பெயர், நடுவில் ஓர் ஆள் நிற்கிறான். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

சேவைகள் கதவைச் சாத்தும் கதை தனி. ஃபேஸ்புக் 2018-இல் சாத்தியது. அதுவரை ஒருவரின் அனுமதியோடு அவருடைய சொந்தச் சுவரில் ஸ்கிரிப்ட் பதிவு போடலாம். பயனர்களின் தகவல் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த கையோடு அந்த அனுமதியையே எடுத்துவிட்டார்கள், ஆகஸ்ட் 1-க்குப் பிறகு சொந்தச் சுவரில் ஸ்கிரிப்ட் போட முடியாது. டவர் பிரிட்ஜ் கணக்கின் பெயரை 2011-இலேயே ட்விட்டர் எடுத்து பாலத்தின் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டது, பாட், அதாவது தானாகப் பதிவிடும் அந்த நிரல், வேறு பெயரில் போய் உட்கார வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் ட்விட்டர் இலவச ஏபிஐ இனி கிடையாது என்று அறிவித்தது, பிறகு தள்ளிப் போட்டது, மார்ச் இறுதியில் புது விலைப்பட்டியல்: இலவசத்தில் மாதம் 1,500 பதிவு, படிப்பதற்கு ஒன்றும் கிடையாது, அடுத்த படி மாதம் 100 டாலர், அதற்கு மேல் பெரிய நிறுவனங்களுக்கான விலை. நாளுக்கு ஒரு பதிவு போடுகிற எனக்கு அது உறைக்கவே இல்லை. உறைத்தது நியூயார்க்கின் போக்குவரத்து ஆணையத்துக்கு. சுரங்க ரயில் எங்கே நிற்கிறது, எந்தத் தடம் தாமதம் என்று அவர்களுடைய அமைப்பு நாள் முழுக்கத் தானாகப் பதிவிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மாதம் 50,000 டாலர் ஆகும் என்று கணக்கு வந்ததும், ஏப்ரல் 27-ஆம் தேதி, இனி ட்விட்டரில் சேவை அறிவிப்புகள் வராது, எங்கள் செயலியையும் தளத்தையும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்கள். அமெரிக்க வானிலைச் சேவையும் அதே மாதம், தானியங்கி எச்சரிக்கைகள் எல்லாம் போகாமல் போகலாம் என்று சொல்லியது. சூறாவளி எச்சரிக்கையில் ஒரு நிமிடம் என்பது பெரிய விஷயம். மே 2-ஆம் தேதி ட்விட்டர் இறங்கி வந்தது, வானிலை, போக்குவரத்து, அவசர அறிவிப்பு போடும் அரசு அமைப்புகளுக்கு இலவசம் என்றது. நியூயார்க்காரர்களும் திரும்பினார்கள். ஒரு நகரமே வெளிநடப்பு செய்தால் கம்பெனி இறங்கி வரும், நம்மை மாதிரி ஆட்கள் வெளிநடப்பு செய்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

கம்பெனிகள் மட்டும்தான் என்றில்லை. மாஸ்டடானில் பாட்களுக்கென்றே ஒரு சர்வர் இருந்தது, பாட்ஸ்இன்ஸ்பேஸ் என்று பெயர், ஒருவர் தன் கைக்காசையும் நன்கொடையையும் வைத்து 2017-இலிருந்து நடத்தினார். 2024 இறுதியில் அவரும் மூடிவிட்டார். அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது, அத்தனை நாள் நடத்தியதே பெரிசு.

இதனால்தான் என் ஸ்கிரிப்ட் முதலில் எழுதுவது எந்த ஊடகத்திலும் இல்லை, என் சர்வரில் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் ஒரு வரி, அதிலிருந்து புதுப் பதிவுகளைப் பின்தொடர உதவும் ஒரு ஆர்எஸ்எஸ் ஓடை. அன்றைய நிலவரம் அங்கே பதிவாகிவிட்டால் நாள் முடிந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து எடுத்துப் போடும் வால்கள். டெலிகிராமுக்கு ஒரு சின்ன ஃபங்ஷன், மாஸ்டடானுக்கு ஒன்று, புளூஸ்கைக்கு ஒன்று. ஒன்று கெட்டால் மற்றது போகும், ஒரு சேவை மூடினால் அதன் ஃபங்ஷனை அழித்துவிட்டுத் தூங்கப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே நூலகத்தை வைத்துச் செய்யும் ஆசை யாருக்கும் வரும், வேண்டாம். அந்த நூலகத்தை எழுதியவரும் ஒருநாள் சலித்துப் போவார்.

வால்களுக்குள் டெலிகிராம்தான் குணத்தில் பழைய ட்விட்டர் மாதிரி இருக்கிறது. 2015-இலிருந்து பாட் வசதி உண்டு, பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் போய்ப் பெயர் சொன்னால் டோக்கன் தரும், சேனலில் அந்த பாட்டை நிர்வாகியாக்கிவிட்டு ஒரு முகவரியைத் தட்டினால் போதும். டோக்கன் அந்த முகவரிக்குள்ளேயே இருக்கும் என்பது மட்டும் ஜாக்கிரதை. பிழை வந்தால் முகவரியை அப்படியே லாக் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் நிறைய நூலகங்களுக்கு உண்டு, அந்த லாக்கை நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஒட்டினால் கதை முடிந்தது. டோக்கன்களைத் தனிக் கோப்பில், இணையத்துக்குத் திறந்திருக்கும் கோப்புறைக்கு வெளியே, உரிமையாளர் மட்டும் படிக்கிற மாதிரி வைக்க வேண்டும். பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஹோஸ்டிங்கில் பிஹெச்பி ஒருநாள் படுத்துக்கொண்டால் சர்வர் கோப்பை ஓட்டாமல் எழுத்தாகவே காட்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

மாஸ்டடானில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னத் தலைப்புவரி, ஐடெம்பொட்டன்சி கீ. எதற்கென்றால், பதிவை அனுப்புகிறோம், பதில் வருவதற்குள் இணைப்பு அறுகிறது. பதிவு போனதா இல்லையா? போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பினால் இரண்டு முறை வரும். போயிருக்கும் என்று விட்டால் ஒருவேளை வராமலே போகும். அனுப்பும்போது ஒரு சாவிச் சரத்தையும் சேர்த்து அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்குள் அதே சரத்தோடு எத்தனை தடவை வந்தாலும் சர்வர் ஒரே பதிவாக வைத்துக்கொள்ளும். நான் தேதியையே அந்தச் சரமாகக் கொடுக்கிறேன். இந்த வசதி இல்லாத இடங்களுக்கு, அனுப்புவதற்கு முன் கோப்பில் ‘போகிறது’ என்று எழுதி, பதிவு எண் திரும்ப வந்ததும் ‘போயிற்று’ என்று மாற்றுகிறேன். ‘போகிறது’ என்ற நிலையிலேயே ஏதாவது நின்றால் ஸ்கிரிப்ட் தானாக மறுமுயற்சி செய்யாது, எனக்குச் சொல்லும். ஒரு நாள் நிலவரம் தாமதமாக வந்தால் யாரும் சாக மாட்டார்கள். ஒரே நிலவரம் நாற்பது தடவை வந்தால் சேனலை விட்டே போய்விடுவார்கள்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் பற்றி ஒன்றே ஒன்று. வாடகைச் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரம், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 8:45 என்றால் அங்கே 3:15, அந்த அரை மணி நேரத்தை விட்டுவிட்டால் எல்லாம் தள்ளிப் போகும். அப்புறம், கையால் ஓட்டும்போது ஓடிய ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாததற்குத் தமிழே காரணமாக இருக்கலாம். கிரான் தரும் சூழலில் மொழி அமைப்பு பல இடங்களில் இருக்காது, பழைய பைத்தான் 3.6 வரைக்கும் அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தமிழ் வரியை அச்சிடச் சொன்னால் ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்துப் பட்டியலில் இந்த எழுத்து இல்லை என்று படுத்துவிடும். 3.7-இலிருந்து சமாளித்துக்கொள்கிறது.

இத்தனையும் செய்து, எல்லாம் ஒழுங்காக ஓடி, நிலவரம் மூன்று ஊடகத்திலும் வந்து நின்றாலும் எங்கள் ஊரில் அதை அங்கே பார்ப்பவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். மாஸ்டடான் என்றால் ஏதோ மாத்திரை என்று நினைப்பார்கள். ஊர் இருப்பது வாட்ஸ்அப்பில். சாதாரண எண்ணை வைத்து நடக்கும் ஒரு ஊர்க் குழுவுக்குள் ஸ்கிரிப்ட் நேராகப் பதிவு போட முறையான வழி கிடையாது. உலாவியை மறைவாக ஓட்டி மனிதன் மாதிரி நடிக்கும் நூலகங்கள் இருக்கின்றன, அதை ஓட்டினால் எண்ணையே தடை செய்யும் ஆபத்தும் இருக்கிறது. அந்த எண்ணில்தான் வங்கி ஓடிபி வருகிறது. ஆகவே கடைசி அடியைச் சித்தப்பா எடுத்து வைக்கிறார். டெலிகிராமில் வந்ததும் தொட்டு, காப்பி செய்து, ஊர்க் குழுவில் ஒட்டி, கீழே ‘நேற்றைவிட அரை அடி கூட’ என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார். அந்த வரியைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள், எனக்கே அது பிடித்துப் போய் ஸ்கிரிப்டில் நேற்றைய எண்ணோடு ஒப்பிடும் வரியைச் சேர்த்துவிட்டேன். இப்போது அவர் வேறு எதையாவது சேர்க்கிறார்.

சர்வர் விழுந்தால் சொல்லும் கருவிகள் நிறைய இருக்கின்றன, இலவசமாகவே. நானும் ஒன்றை வைத்திருக்கிறேன், ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் ஒரு முகவரியைத் தொடும், குறித்த நேரத்துக்குள் தொடவில்லை என்றால் எனக்கு மின்னஞ்சல் வரும். மின்னஞ்சலுக்கு முன்னால் போன் வந்துவிடும். “என்னடா தம்பி, தண்ணி நிலவரம் இன்னும் காணோமே, குழுவுல கேக்குறாங்க.” ஸ்கிரிப்ட் ஓடியிருக்கும், பதிவும் போயிருக்கும், அவருடைய டெலிகிராம் புதுப்பிக்கச் சொல்லி நின்றிருக்கும் நாட்களும் உண்டு. அதையும் நான்தான் போனில் சொல்லிச் சரிசெய்ய வேண்டும், அதற்கு ஏபிஐ இல்லை.

போன வாரம் சித்தப்பா புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். எதில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதுதான் வயலுக்கு வேண்டிய தகவல், மேட்டூர் எண் வெறும் முன்னோட்டம் என்கிறார். நியாயம்தான். அந்த எண்கள் வேறு பத்தியாக, வேறு நேரத்தில் வருகின்றன, நான்கு பெயர்கள், நான்கிலும் கனஅடி. காலைப் பதிவோடு சேர்த்தால் நான் வைத்துக்கொண்ட 280-க்குள் அடங்காது, தனிப் பதிவாகப் போடலாம், அல்லது டெலிகிராமில் மட்டும் காலைச் செய்தியைத் திருத்தி அடியில் சேர்க்கலாம், அங்கே 4,096 வரைக்கும் இடம் இருக்கிறது, திருத்தவும் விடுவார்கள். ஆனால் திருத்தினால் அறிவிப்பு மணி அடிக்காது, மணி அடிக்காவிட்டால் சித்தப்பா பார்க்க மாட்டார். தனிப் பதிவாகவே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன், முதலில் அந்தப் பத்தியில் ‘கல்லணைக் கால்வாய்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும் ‘கல்லணை’யைத் தேடல் தனியாகப் பிடிக்காமல் செய்ய வேண்டும்.